வைரம் துளைத்த வண்டும் வனத்துறையின் கணக்கேடும்

இந்திய வனப் பூச்சியியலின் அடிப்படை நூல் எதுவெனக் கேட்டால், சி. எஃப். சி. பீசன் எழுதி 1941-ஆம் ஆண்டு வெளிவந்த பெருநூலையே இத்துறையினர் இன்றும் சுட்டுவர். அதன் தலைப்பைத் தமிழில் 'இந்தியா மற்றும் அண்டை நாடுகளின் வனப் பூச்சிகள்: சூழலியலும் கட்டுப்பாடும்' எனச் சொல்லலாம். அதற்கு முன்னர் இ. பி. ஸ்டெப்பிங் எழுதிய நூல்களின் தலைப்புகளை இதனருகில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. 1899-இல் வந்தது 'இந்தியக் காடுகளின் தீங்கு செய்யும் பூச்சிகள்'. 1914-இல் வந்தது 'பொருளாதார முக்கியத்துவம் வாய்ந்த இந்திய வனப் பூச்சிகள்'. தீங்கு, பொருளாதாரம், சூழலியல் என்று நாற்பதாண்டுகளில் சொல் மாறியிருக்கிறது. தலைப்பில் மாறியது காட்டில் எவ்வளவு மாறிற்று என்பது வேறு கேள்வி. பீசனின் தலைப்பிலுள்ள இரண்டு சொற்களில் வனத்துறை உடனடியாக எடுத்துக்கொண்டது இரண்டாவதைத்தான்.

இதற்கான காரணம் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1864-இல் டீட்ரிக் பிராண்டிஸ் தலைமையில் இந்திய வனத்துறை அமைந்தபோது காட்டிடமிருந்து அரசு எதிர்பார்த்த முதற்பொருள் மரம்; குறிப்பாக ரயில் பாதைக்கான தண்டவாளக் கட்டைகள். சால், தேக்கு, தேவதாரு ஆகிய மூன்றும் கணக்கேட்டின் முதல் வரிசைக்கு வந்தன. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும் பரப்புகளைக் காப்புக்காடாக்கியது. ஒவ்வொரு காட்டுக் கோட்டத்துக்கும் செயல்திட்டம் எழுதப்பட்டது: எத்தனை மரம், என்ன சுற்றளவு, எந்த ஆண்டில் வெட்டலாம். இவ்வாறு எண்ணப்பட்ட காட்டில் ஒரு மரம் எதிர்பாராமல் செத்தால் அது இருப்பில் விழுந்த குறை. அக்குறைக்குப் பொறுப்பாளியைத் தேடும் பணியே வனப் பூச்சியியலுக்கு முதலில் ஒப்படைக்கப்பட்டது. 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது பூச்சிகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டதும் இந்தத் தேவையால்தான்.

கணக்கேட்டின் வரவுப் பக்கத்திலும் ஒரு பூச்சி இருந்தது. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாசம், குசும், இலந்தை மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி அது. அரக்குக்கு உலகச் சந்தை இருந்தது. கிராமபோன் தட்டுகள் அதைக் கொண்டே செய்யப்பட்டன. ஆகவே 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்குமில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே எழுந்தது. உயிரியல் நோக்கில் அரக்குப் பூச்சி செய்வதும் கொப்பின் சாற்றை உறிஞ்சுவதுதான். அளவு மீறினால் கொப்பு காய்ந்துபோகும். ஒரே செயல், விற்கும் பொருளைத் தந்தால் நன்மை. விற்கும் பொருளைக் குறைத்தால் தீமை. 'பீடை' என்ற சொல்லின் வரலாற்றை எழுத விரும்பும் மாணவர் தொடங்க வேண்டிய இடம் இது.

தீமைப் பக்கத்தில் முதலிடம் பெற்றது சால் மரத்தின் வைரம் துளைக்கும் வண்டு. ஹோப்லோசெராம்பிக்ஸ் ஸ்பைனிகார்னிஸ் என்பது அறிவியல் பெயர்; நீண்ட உணர்கொம்புகளையுடைய பெரிய பழுப்பு வண்டு. தென்மேற்குப் பருவமழையின் முதல் பெருமழைக்குப் பின் மரத்தைவிட்டு வெளியேறும். பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். பொரிந்த புழு முதலில் பட்டைக்கடியில் தின்று, பின் வெளிறு மரத்துக்குள் இறங்கி, கடைசியில் வைரத்துக்குள் அகன்ற பாதைகளைக் குடைகிறது. மழை ஓய்ந்து குளிர் வருவதற்குள் வளர்ச்சி முடிந்து, வைரத்துக்குள் அமைத்த அறையில் அடுத்த மழைவரை தங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை. வெளியே தெரியும் அடையாளம் மரத்தின் அடியில் குவியும் மரத்தூள் மட்டுமே.

சாதாரண ஆண்டுகளில் இவ்வண்டு ஆரோக்கியமான மரத்தை வெல்ல முடியாது. உயிருள்ள சால் மரம் பிசினைச் சுரந்து இளம்புழுக்களை மூழ்கடித்துவிடும். ஆகவே வண்டு நாடுவது வெட்டி வீழ்த்திய கட்டைகளையும், புயலில் சாய்ந்தவற்றையும், முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவற்றையும்தான். அந்நிலையில் காட்டுக்கு அது செய்வது ஒரு பணி. அது குடைந்த பாதைகள் வழியே பூஞ்சைகளும் ஈரமும் புகுந்து, இறுகிய வைரம் மட்கத் தொடங்குகிறது. தளர்ந்த மரம் விழுந்த இடத்தில் ஒளி இறங்கி, அடியில் காத்திருக்கும் சால் கன்றுகள் எழுகின்றன. அதன் புழுவைத் தின்று வாழும் வேறு உயிர்களும் உண்டு; அலாஸ் சார்டிடஸ் என்னும் வண்டின் புழு அதே துளைக்குள் புகுந்து அதை வேட்டையாடுகிறது. இவையெல்லாம் டேராடூன் ஆய்வாளர்கள் கண்டு எழுதியவையே. அவர்களுக்குச் சூழலியல் தெரியாது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் பழைய ஆவணங்களைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சிக்கல் எழுவது வண்டின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டும்போது. ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒருசேரப் புகுந்தால் பிசின் தீர்ந்துவிடும். நலமான மரமும் சாகும். செத்த மரம் அடுத்த ஆண்டின் வண்டுகளுக்கு விளைநிலமாகும். 1920-களில் மத்திய மாகாணங்களின் மண்டலா, பாலாகாட் காடுகளில் இது நிகழ்ந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் பல லட்சம் சால் மரங்கள் மாண்டன. வன வரலாற்றில் பதிவான மிகப்பெரிய பூச்சிப் பெருக்கங்களில் ஒன்று அது.

பரிகாரமாகக் கையாளப்பட்ட முறை எளியது. மழை தொடங்கியதும் சில சால் மரங்களை வெட்டித் துண்டாக்கி, பட்டையை அடித்து நசுக்கிக் காட்டில் ஆங்காங்கே போடுவார்கள். கசியும் சாற்றின் மணத்துக்கு வண்டுகள் திரண்டு வரும். சாற்றைக் குடித்து மந்தமாகிப் பட்டைக்கடியில் கிடக்கும் அவற்றைக் கையால் பொறுக்கிக் கொல்வார்கள். பிடித்த வண்டுக்கு இவ்வளவு என்று கூலி. சாறு வடிவது நின்றால் கட்டையை மீண்டும் அறுத்து நசுக்க வேண்டும். பொறியாக வைக்கும் மரம் என்பதே இம்முறைக்குப் பெயராயிற்று.

வண்டைப் பொறுக்கியவர்கள் யார் என்பதைத் துறைசார் கட்டுரைகள் பெரும்பாலும் 'உள்ளூர்க் கூலிகள்' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகின்றன. மண்டலா, பாலாகாட் காடுகளில் அச்சொற்கள் குறிப்பது முதன்மையாகக் கோண்டு, பைகா மக்களை. பைகாக்களின் எரிபுனச் சாகுபடியான பேவர், மரத்தை அழிப்பது என்று காலனி அரசால் கண்டிக்கப்பட்டு, 1890-இல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பைகா சக் என்னும் சிறுபகுதிக்குள் அடக்கப்பட்டது. எரியிலிருந்தும் கோடரியிலிருந்தும் காக்கப்பட்டு அடர்ந்து முதிர்ந்த சால் காடு அதன்பின் உருவாயிற்று. நெருக்கமும் முதுமையும் வண்டுப் பெருக்கத்துக்கு ஏதுவானவை எனப் பூச்சியியலாளரே பின்னர் எழுதினர். காட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களின் வழியினரே முப்பதாண்டுகளுக்குப் பின் அதே காட்டில் வண்டுக்குக் கூலி வாங்கினர். காப்புதான் பெருக்கத்தை உண்டாக்கியது என இதை நேர்க்கோட்டில் இழுத்துவிட முடியாது. வறட்சி, மண், வெட்டிய கட்டைகளை மழைக்காலத்தில் காட்டிலேயே விட்டுவைத்த பழக்கம் எனக் காரணங்கள் பல. ஆயினும் வண்டின் வரலாற்றை மக்களின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதியது துறை தேர்ந்துகொண்ட ஒரு நிலைப்பாடே.

இங்கே இன்னொரு பொதுக்கருத்தையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒற்றைப்பயிர்த் தோட்டங்களே பூச்சிப் பெருக்கத்தை உண்டாக்குகின்றன, இயற்கைக் காட்டில் அது நிகழாது என்பது சூழலியல் வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படுவது. சால் காடு யாரும் நட்ட தோட்டமன்று. மைய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் சால் தானாகவே கூட்டமாக வளர்ந்து, பிற மரங்களுக்கு இடம் குறைத்து, ஏறத்தாழ ஒற்றை மரக் காடாக நிற்கும் இயல்புடையது. இந்தியாவின் மிகப் பெரிய மரக்கொல்லிப் பெருக்கம் நிகழ்ந்தது அத்தகைய இயற்கைக் காட்டில்தான். தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையே எளிதாக வரையப்படும் கோட்டை இந்த வண்டு மதிப்பதில்லை.

பிந்தைய பெருக்கம் 1990-களின் நடுவில், அதே மண்டலாவையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் மையமாகக் கொண்டு தொடங்கியது. எழுபதாண்டு அறிவியல் வளர்ச்சிக்குப் பின்னும் களத்தில் இறங்கிய முறை மாறவில்லை: நசுக்கிய கட்டை, கையால் பொறுக்கல், எண்ணிக்கைக்குக் கூலி. தண்டின் உட்பகுதியில் பதுங்கிய புழுவை எந்த மருந்தாலும் எட்ட முடியாது என்பதே அதற்குக் காரணம். மாறியிருந்தது அரசியல். தாக்குண்ட மரங்களை வெட்டி அகற்றுவதே பரவலைத் தடுக்கும் வழி என்றது வனத்துறை. பூச்சியின் பேரால் நல்ல மரமும் வெட்டப்படுகிறது என்றனர் எதிர்த்தவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தாக்குண்ட மரங்களைப் பாதிப்பின் அளவுக்கேற்ப வகைப்படுத்தி, எந்த வகையை வெட்டலாம், எது பிழைக்கக்கூடும் என்று வல்லுநர் வாதிட வேண்டியதாயிற்று. அடியில் எவ்வளவு மரத்தூள், மேலே எவ்வளவு பச்சை என்பது நீதிமன்றத்துக்குரிய கேள்வியாகிவிட்டது. ஒரு வண்டின் வாழ்க்கைச் சுழற்சி சட்ட வாதமாக மாறிய இந்த நிகழ்வு இந்தியச் சூழலியல் வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

சாலை விட்டுத் தேக்குக்கு வந்தால் களம் மைய இந்தியாவிலிருந்து மலபாருக்கு மாறுகிறது. அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரில், மாவட்ட ஆட்சியர் ஹென்றி வாலன்டைன் கானலியின் முயற்சியாலும் சாத்து மேனனின் உழைப்பாலும் 1840-களில் நிலம்பூர் தேக்குத் தோட்டம் உருவானது. விதையை முளைக்க வைக்கவே தொடக்கத்தில் படாத பாடு பட்டார்கள். கப்பல் கட்டத் தேவையான மரம் அறுபது, எழுபது ஆண்டுகளில் கிடைக்கும் என்ற நெடுநோக்கு அதன் பின்னே இருந்தது. அத்தோட்டம் மற்றோர் உயிருக்கும் விருந்தாயிற்று.

ஹைப்ளியா பியூரா என்னும் சிறு அந்துப்பூச்சியின் புழு தேக்கின் இளந்தளிரைத் தின்பது. கோடையின் இறுதியில் முதல் மழை விழுந்து தேக்கு தளிர்க்கும்போது அந்துப்பூச்சிகள் திடீரெனத் திரளாக வந்து முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து அந்துவரை ஏறத்தாழ மூன்று வாரமே. பெரிய நரம்புகளைத் தவிர முழு இலையும் போய்விடும். ஏக்கர் ஏக்கராக மரங்கள் மழைக்காலத்தில் மொட்டையாக நிற்கும். உச்சக்கட்டத்தில் தோட்டத்தினுள் நின்றால், புழுக்களின் எச்சம் சருகின் மேல் விழும் ஓசை தூறலைப்போல் கேட்கும். இரண்டு வாரத்தில் புழுக்கள் நூலிட்டுத் தரையிறங்கிச் சருகினூடே கூட்டுப்புழுவாகின்றன. மரம் சாவதில்லை, மீண்டும் தளிர்க்கிறது. சில சமயம் இரண்டாம் முறையும் தின்னப்படுகிறது.

மரம் சாகாததால் இழப்பு எவ்வளவு என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1975-இல் பீச்சியில் நிறுவப்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. எஸ். எஸ். நாயரும் குழுவினரும் இதை நேரடியாக அளந்தனர். நிலம்பூரில் இளந்தோட்டத்தின் சில பகுதிகளைப் பூச்சிமருந்தால் காத்தும் சிலவற்றைக் காக்காமல் விட்டும் பல ஆண்டுகள் ஒப்பிட்டனர். நான்கு முதல் ஒன்பது வயது வரையிலான காலத்தில், சாத்தியமான மரக்கன அளவு வளர்ச்சியில் 44 விழுக்காட்டை இப்புழு பறித்துக்கொள்கிறது என்பது முடிவு. அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டிற்று. தேக்கிலையை வலைபோல் அரித்து நரம்புகளை மட்டும் விட்டுவைக்கும் யூடெக்டோனா மேக்கரலிஸ் என்ற புழு, கண்ணுக்கு மிகக் கொடியதாகத் தோன்றியதால், பீடைப் பட்டியல்களில் அதுவரை முதலாவதற்கு இணையாக வைக்கப்பட்டிருந்தது. அது தின்பதோ எப்படியும் உதிரப்போகும் பருவத்து முற்றிய இலையை. வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க இழப்பு எதையும் அது ஏற்படுத்தவில்லை. பல பத்தாண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒரு பூச்சி, யாரோ அளந்து பார்த்ததால் விடுதலை பெற்றது.

எத்தனை பூச்சிகளுக்கு அத்தகைய விசாரணையே நடக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1950-களில் டேராடூனிலிருந்து மாத்தூரும் பல்வந்த் சிங்கும் இந்திய வனத் தாவரங்களின் பூச்சிப் பீடைகளுக்கு ஒரு பட்டியலைத் தாவரப் பெயரின் அகரவரிசையில் பல பகுதிகளாக வெளியிட்டனர். இன்றும் பயன்படும் அரிய தொகுப்பு அது. ஆனால் ஒரு தாவரத்தை எப்போதோ எங்கோ ஒரு பூச்சி தின்றது பதிவாகியிருந்தால் அது அத்தாவரத்தின் பீடையாகவே அதில் இடம்பெற்றது. தேக்கின் பெயருக்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். தேக்குப்பூ தன் மகரந்தத்தைத் தானே எளிதில் ஏற்பதில்லை. சிறு தேனீக்களும் பிற பூச்சிகளும் மரம்விட்டு மரம் சென்றால்தான் வளமான விதை கிடைக்கும். நிலம்பூரின் முதல் தோட்டக்காரர்கள் முளைக்க வைக்கப் போராடிய அந்த விதையும் பூச்சிகளின் உழைப்பில் விளைந்ததே. அந்த உழைப்பாளிகளுக்குப் பட்டியலில் இடமில்லை. அவர்கள் எதையும் சேதப்படுத்தவில்லை.

பட்டியலில் இருந்தவற்றுக்கு மருந்து தேடும் காலமும் அதுவே. உலகப் போருக்குப் பின் வந்த செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் வயலிலிருந்து காட்டுக்கும் வந்தன. நாற்றங்கால்களில் கரையானுக்கு மருந்து கலப்பது வழக்கமாயிற்று. 1960-களில் கேரளத்தின் கோன்னியில் தேக்குப் புழுவுக்கு எதிராக வானிலிருந்து தெளித்தும் பார்த்தார்கள். செலவும், காட்டோடைகளில் நஞ்சு கலக்கும் அபாயமும் அதைப் பரவலாக விடவில்லை.

மாற்றுவழியைத் தேடியவர்கள் திரும்பிச் சென்றது பீசனிடம். தேக்குப் புழுவுக்கு அவர் பரிந்துரைத்தது மருந்தன்று, காட்டின் அமைப்பு. தோட்டத்தை ஒரே பரப்பாக வளர்க்காமல், இடையிடையே இயற்கைக் காட்டைப் பட்டைபட்டையாக விட்டுவைக்க வேண்டும். புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும், தேக்குப் புழு இல்லாத மாதங்களில் வேறு புழுக்களை நம்பி உயிர்வாழ்கின்றன. அந்த வேறு புழுக்கள் எந்த அடிச்செடிகளில் வாழ்கின்றனவோ அவற்றை அழிக்கக் கூடாது. எந்தச் செடியைக் காக்கலாம், தேக்கின் பகைவரையே வளர்ப்பதால் எதை நீக்கலாம் என்றெல்லாம் அவரும் டேராடூன் உதவியாளர்களும் பெயர் பெயராகப் பிரித்து எழுதினர். ஒரு பூச்சியைக் கட்டுப்படுத்த நூறு பூச்சிகளைக் காப்பாற்றச் சொல்லும் திட்டம் இது. பீசனின் தலைப்பிலுள்ள முதற்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் இருக்க முடியாது.

தோட்டக்காட்டு நடைமுறையில் அடிச்செடி என்றால் களை. களையெடுப்புக்கு நிதி ஒதுக்கீடு உண்டு. களையை விட்டுவைப்பதற்குத் தலைப்பு இல்லை. இடையே விடப்படும் காட்டுப்பட்டை, மரம் நடாத வீண்பரப்பாகவே கணக்கில் தெரியும். பீசனின் பரிந்துரை பாடநூல்களில் மதிப்போடு மேற்கோள் காட்டப்பட்டது. எங்கும் முழு அளவில் சோதிக்கப்படவில்லை.

சோதித்திருந்தால் வென்றிருக்குமா என்பதில் நிலம்பூர் ஆய்வாளர்களுக்கே ஐயம் இருந்தது. பெருக்கம் முதலில் தோட்டத்தின் சில சிறு திட்டுகளில் தோன்றிப் பின்னர் பரவுவதையும், அந்துக்கள் கூட்டமாக இடம்பெயர்ந்து வருவதையும் அவர்கள் கண்டனர். திடீரென வந்திறங்கும் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒட்டுண்ணிகளால் உடனே ஈடுகொடுக்க முடியாது. பெருக்கத்தை முடித்துவைப்பதில் பெரும்பங்கு ஒரு வைரஸுக்கு இருந்தது. செத்துக் குழைந்து இலையில் தொங்கிய புழுக்களிலிருந்து அதைப் பீச்சி ஆய்வகத்தில் பிரித்தெடுத்து, பின்னர் தெளிப்பு மருந்தாகவே வளர்த்தனர். இந்த வைரஸ் பிற உயிர்களைத் தீண்டுவதில்லை என்பதால் காட்டில் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் சரியான திட்டை, சரியான நாளில், புழு சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு மழையின் முதல் வாரங்களில் தோட்டம் முழுவதும் நடந்து, தளிரைப் புரட்டிப் பார்க்கும் கண்கள் தேவை.

பெருக்கம் இல்லாத மாதங்களில் இப்பூச்சி எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை தேடியபோது, தோட்டங்களிலும் அருகிலுள்ள இயற்கைக் காட்டிலும் ஆண்டு முழுவதும் அது மிகச் சிறு எண்ணிக்கையில் இருப்பது தெரியவந்தது. அங்கே அது ஒரு தளிரில் ஒன்றிரண்டாக, இலையோரத்தை மடித்து அதனுள் ஒளிந்து, பறவைக்கும் குளவிக்கும் தப்பியவை மட்டும் அந்துவாகி வாழ்ந்துவந்தது.